தெற்குப் பக்கம் தட்டாத மரம்

நாவலோடைக் காட்டில் குங்குமி என்ற மரங்கொத்தியும் தம்பட்டன் என்ற குக்குறுவான் பறவையும் கூட்டாகத் தொழில் செய்துவந்தார்கள். மரத்தில் பொந்து கொத்திக் கொடுப்பதுதான் தொழில். குங்குமி மரத்தைத் தட்டிப் பார்த்து இடம் குறிப்பாள், கொத்துவாள். தம்பட்டன் காடெல்லாம் கூவி வாடிக்கை பிடிப்பான், பொந்தின் உட்புறத்தைச் பிசிறில்லாமல் இழைத்துக் கொடுப்பான். கிளிக்கு ஓர் அளவு, அணிலுக்கு ஓர் அளவு, ஆந்தைக்கு ஓர் அளவு. கூலியாக அத்திப்பழமோ கொழுத்த புழுவோ வந்து சேரும்.

பிறகு இரண்டு வருஷம் மழை பொய்த்தது. ஓடை வறண்டது. அத்தி காய்க்கவில்லை. பாதிப் பறவைகள் காட்டை விட்டே போய்விட்டன. மிஞ்சியவர்கள் பழைய பொந்துகளிலேயே ஒடுங்கிக்கொண்டார்கள். புதுப் பொந்து கேட்டு ஒரு சிட்டுக்குருவிகூட வரவில்லை. குங்குமி பட்டையைப் பெயர்த்து எறும்பு தின்று நாளை ஓட்டினாள். தம்பட்டன் மெலிந்துபோனான். கூவத் தொடங்கினால் குரல் பாதியிலேயே நின்றது.

அப்படி இருக்கும்போது ஒரு காலையில் மலைமைனாக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது! அவர்கள் தலைவர் மலையாண்டி, பேச்சில் சிக்கனமான பெரியவர். காட்டுத்தீயில் தங்கள் மரங்கள் எரிந்துவிட்டதாகவும், காற்று திரும்பிவிட்டதால் மழைக்கு முன்னால் பன்னிரண்டு பொந்துகள் வேண்டும் என்றும் சொன்னார். மலையின் மறுபக்கத்தில் பழத்துக்குக் குறைவில்லை, இரண்டு பருவத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம் என்றார். நாளைக்கே தொடங்கவேண்டும், அதுதான் நிபந்தனை.

பன்னிரண்டு பொந்துகள்! தம்பட்டன் கிளைக்குக் கிளை தாவினான். குங்குமி, நாளைய வேலைக்குத் தெம்பு வேண்டுமே என்று, எறும்பு தேடிப் பழைய இலவ மரத்துக்குப் பறந்தாள். ஆறேழு எறும்பு தின்றபின் தெற்குப் பக்கமாகத் திரும்பி ஒரு கொத்துக் கொத்தினாள்.

'டொப்' என்றது மரம்.

நல்ல மரம் 'டக்' என்று சொல்லும். குங்குமி இன்னும் கீழே இறங்கித் தட்டினாள். டொப். இன்னும் கீழே. டொப், டொப். கரையான் உள்ளே புகுந்து தெற்குப் பக்கம் முழுவதையும் தின்றிருந்தது. வெளியே பட்டை மட்டும் பளபளவென்று நின்றது.

அந்த மரத்தில் மூன்று பொந்துகள் இருந்தன. மூன்றும் அவள் கொத்தியவை. மேலே மரகதம் என்ற கிளியும் அவள் இறகு முளைக்காத மூன்று குஞ்சுகளும். நடுவில் கோடன் என்ற அணில். கீழே ஒரு கிழட்டு ஆந்தை. மூன்று வருஷத்துக்கு முன்னால், வேலை மேல் வேலை குவிந்து கிடந்த காலத்தில், மூன்று பக்கம் தட்டிப் பார்த்துவிட்டு இது போதும் என்று அவசரமாகக் கொத்தியது அவளுக்கு ஞாபகம் வந்தது. தெற்குப் பக்கத்தை அவள் தட்டவே இல்லை.

நேரே தம்பட்டனிடம் போய்ச் சொன்னாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

“மூன்று வருஷம் நின்ற மரம் இன்னும் பத்து நாள் நிற்காதா? முதலில் பன்னிரண்டையும் முடிப்போம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். மலையாண்டி காதில் விழுந்தால் நம் கதை முடிந்தது.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் வயிறும் அதையேதான் சொன்னது. ஆனால் மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

“காற்று அடித்த பிறகு சொல்லி என்ன பிரயோஜனம், தம்பட்டா?” என்றாள் குங்குமி.

அவள் முதலில் மரகதத்திடம் போனாள். மரம் உளுத்துவிட்டது என்றும், தான் சரியாகப் பார்க்காமல் கொத்திய தவறு என்றும், வேறு மரத்தில் கூலியில்லாமல் புதுப் பொந்து கொத்தித் தருவதாகவும் சொன்னாள். மரகதம் கொதித்துப்போனாள். குஞ்சுகளை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எதன் மேல் படுத்திருந்தேன் என்று கத்தினாள். குங்குமி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பிறகு அணிலிடம் சொன்னாள், ஆந்தையிடம் சொன்னாள். கடைசியில் மலையாண்டியிடமும் தானே போய்ச் சொன்னாள். நாளைக்கு உங்கள் வேலையைத் தொடங்க முடியாது, இதை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றாள்.

மலையாண்டி கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தம்பட்டனும் இனி உன்னோடு சேர்ந்து பட்டினி கிடக்க என்னால் ஆகாது என்று சொல்லிப் பறந்துவிட்டான்.

குங்குமி ஓடைக்கரையில் ஒரு மருத மரத்தைப் பார்த்தாள். நான்கு பக்கமும் தட்டினாள். மறுபடி நான்கு பக்கமும் தட்டினாள். டக், டக், டக். இரும்பு மாதிரி மரம்! அலகு வலித்தது. முழு நாள் கொத்தியும் ஒரு விரற்கடைதான் குழிந்தது. குஞ்சுகள் உருண்டு விழாமல் இருக்கப் பொந்து ஆழமாக வேண்டும்.

மறுநாள் கோடன் வந்தான். தானும் ஆந்தையும் பேசிக்கொண்டதாகச் சொன்னான். தங்களுக்கு எந்தக் கிளையும் போதும், முதலில் குஞ்சுகளின் பொந்தை முடி என்றான். சொல்லிவிட்டுச் சும்மா போகவில்லை, குழியில் தலையை விட்டுப் பல்லால் கரண்டத் தொடங்கினான். பகலில் கண் திறக்காத ஆந்தைகூடத் தட்டுத்தடுமாறி வந்து மரத்தூளைக் காலால் வாரி வெளியே தள்ளியது. மரகதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் எங்கிருந்தோ மூன்று நாவல்பழம் கொண்டுவந்து குங்குமியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் காற்று கிளம்பியது. முதலில் சருகு பறந்தது. பிறகு கிளை முறிந்தது. இலவ மரம் முனகியது. பொந்தோ இன்னும் அரைச்சாண் ஆழம் வேண்டும்! குங்குமி வெறி பிடித்தவள்போல் கொத்தினாள். கண்ணில் தூள் விழுந்தது. கழுத்து விறைத்துப்போனது. அப்போது அவளுக்குப் பக்கத்தில் இன்னோர் அலகு மரத்தைக் கொத்தும் சத்தம் கேட்டது.

தம்பட்டன்! காற்றில் கலைந்த இறகோடு கொத்திக்கொண்டிருந்தான். குங்குமி சற்று நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

“போதும், கொண்டு வா!” என்று குங்குமி கூவினாள்.

கோடன் அம்புபோல் ஓடினான். ஒரு குஞ்சைக் கழுத்தில் கவ்விக்கொண்டு, இடையிலிருந்த மரக்கிளைகள் வழியே தாவி வந்து பொந்துக்குள் இறக்கினான். இரண்டாவது குஞ்சும் வந்து சேர்ந்தது. மூன்றாவதை எடுக்க அவன் ஏறியபோது இலவ மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே விட்டது. மரகதம் அலறினாள். கோடன் குஞ்சோடு வெளியே பாய்ந்தான். அவன் வால் அடுத்த கிளையைத் தொட்ட அதே நொடியில், மரம் வேரடியில் முறிந்து காடே அதிர விழுந்தது. அதில் ஓர் உயிரும் இல்லை.

காற்று அடங்கியது. மழை தொடங்கி நிதானமாகப் பெய்தது. மரகதம் பொந்துக்குள் குஞ்சுகளை அணைத்தபடி குங்குமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ வந்து சொல்லாமல் இருந்திருந்தால்...” என்றாள்.

அப்போது மலையாண்டி தன் கூட்டத்தோடு வந்து மருத மரத்தில் அமர்ந்தார். எல்லோரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள்.

“இந்த மூன்று நாளும் காடு முழுக்க உன்னைப் பற்றி விசாரித்தேன்” என்றார். “வேலையில் குறை வைக்காதவர் என்று சிலரைப் பற்றிச் சொன்னார்கள். குறை வந்தால் தானே வந்து சொல்வாள் என்று உன்னைப் பற்றி மட்டும்தான் சொன்னார்கள். நம்பித் தூங்க எங்களுக்கு அதுதான் வேண்டும். எப்போது தொடங்குகிறாய்?”

தம்பட்டன் குங்குமியின் முகத்தைப் பார்த்தான். அவள் தயங்கினாள்.

“ஆந்தைக்கும் அணிலுக்கும் இன்னும் பாக்கி இருக்கிறது, ஐயா. அது முடியாமல் உங்கள் வேலையில் கை வைக்க மாட்டேன். மழையும் வந்துவிட்டதே.”

“நனைந்தது நனைந்தாயிற்று” என்றார் மலையாண்டி. இறகை ஒருமுறை உதறி, இலைக்கு அடியில் நகர்ந்து உட்கார்ந்தார். “காத்திருக்கிறோம்.”

வாடிய காலத்திலும் தன் வேலையில் நேர்ந்த தவறைத் தானே சொல்லி, அதைத் தானே சரிசெய்து கொடுப்பவருடைய தொழிலைப் பிறருடைய நம்பிக்கையே தூக்கி நிறுத்தும்.