சேர்க்காத இரண்டு கம்பி

"அம்மா, நாள் முழுக்க உக்காந்து கூப்பிடுதேன். ஒரு குரலும் வர மாட்டேங்கு" என்றார் தணிகாசலம்.

சிவகாமி அம்மா அந்த மலையடிவாரத்து ஆசிரமத்தின் குரு. தணிகாசலத்தைவிட வயதில் மிக இளையவர்.

"யாரைக் கூப்பிடுறீங்க ஐயா?"

"ஆண்டவனைத்தான்."

"உங்களை யாராவது கூப்பிட்டாங்களா?"

"என்னைய யாரு கூப்பிடப் போறா?"



தணிகாசலம் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் பூங்கோதை தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். "இனி என் முகத்தில் முழிக்காதே" என்று கத்திவிட்டு இங்கே வந்து சேர்ந்துவிட்டார். மறுநாளே மனசு அடித்துக்கொண்டது. ஆனால் வீம்பு இருக்கிறதே, அது லேசில் விடுமா? அவளாக வரட்டும் என்று இருந்தார். அவள் வந்ததாக ஒரு சேதியும் இல்லை.

அம்மா எழுந்து ஆபீஸ் அறைக்குள் போனார். இவரும் பின்னாலேயே போனார்.

அங்கே சுவரில் இருந்த பெட்டி தணிகாசலம் மாட்டிக் கொடுத்தது. வாசல் காவலர் எசக்கி டெலிபோனில் பேசினால் ஆசிரமம் முழுக்க ஸ்பீக்கரில் கேட்கும். மற்ற நேரமெல்லாம், அதே பெட்டியில் இணைத்த பிளேயரிலிருந்து நாமஜபம் ஒலித்துக்கொண்டிருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அம்மா மூடியைத் திறந்தார்.

"இந்த ரெண்டு கம்பி ஏன் டேப் சுத்திக் கிடக்கு?"

"அது வேண்டாத கம்பிம்மா. டெலிபோன்ல யாராவது பேசுனா, ஜபத்தை அடக்கிரும். நான்தான் சேக்கல."

"ஏன்?"

"பால் வண்டி வந்துட்டுன்னு சொல்லுததுக்கு ஆண்டவன் பேரை நிறுத்தலாமா? பாவம்லா? ரெண்டும் சேந்தே கேக்கட்டும்னு விட்டுட்டேன். ஜபத்தைக் கொஞ்சம் கூட்டியும் வச்சிருக்கேன்."

"அப்போ எசக்கி பேசுறது உங்களுக்குக் கேக்குமா?"

"நான் மண்டபத்துல ஸ்பீக்கருக்குக் கீழேயேலா உக்காந்திருப்பேன்! ஜபத்தைத் தவிர ஒண்ணும் காதுல விழாது" என்றார் தணிகாசலம் பெருமையாக.

அம்மா அந்த இரண்டு கம்பிகளையும் காட்டினார்.

"சேர்த்துடுங்க ஐயா."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தார். டேப்பை உரித்தார். முனைகளைச் சுரண்டினார். கம்பிகளை அதனதன் இடத்தில் செருகி, திருகாணியை முடுக்கினார்.

அம்மா டெலிபோனை எடுத்து வாசலைக் கூப்பிட்டார்.

"எசக்கி, கொஞ்ச முன்னாடி என்கிட்ட வந்து சொன்னதை இப்ப ஸ்பீக்கர்ல சொல்லுப்பா."

ஜபம் சட்டென்று நின்றது. ஆசிரமத்தில் இத்தனை காக்கைகள் இருப்பதே தணிகாசலத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தணிகாசலம் ஐயா..."

எசக்கியின் குரல் எல்லாத் திசையிலிருந்தும் வந்தது.

"ஒங்க மக வந்திருக்காவ. கைப்பிள்ளையோட வெளிய வெயில்ல நிக்காவ. உள்ள வாங்கன்னா, அப்பா கூப்பிட்டாத்தான் வருவேங்காவ. இந்தத் தடவயாவது வாங்கய்யா. போன ரெண்டு தடவயும் நான் ஸ்பீக்கர்ல கூப்பிட்டு நீங்க வரலன்னு, அழுதுக்கிட்டே பஸ் ஏறிட்டாவ."

உரித்த டேப் தணிகாசலத்தின் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. உதறினார். போகவில்லை.

"அம்மா, நான்..."

"பஸ் வர்ற நேரமாச்சு" என்றார் அம்மா. "ஓடுங்க ஐயா."