கல்லறைக்கு வாங்கிய பூ

ஜெசிந்தாவுக்கு வருடத்தில் மூன்று மாதம்தான் பூத்தொழில். மற்ற மாதங்களில் ஜாக்கெட் தைப்பாள். அக்டோபர் பிறந்ததும் தையல் மிஷின் மூலைக்குப் போய்விடும். முன்னறைக் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் ஈரச் சாக்கை விரிப்பாள். அதன் பிறகு அந்த வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. முதலில் கல்லறைத் திருநாளுக்கு மலர் வளையங்கள். பிறகு கிறிஸ்துமஸுக்கு வாசற்கதவில் மாட்டும் பச்சை வளையங்கள். நடுவில் வருகிற கல்யாணங்களுக்கு மாலைகள்.

திண்டுக்கல்லில் அவள் குடியிருந்த முதல் இரண்டு வீடுகளையும் இந்தத் தொழிலுக்காகவே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சாவு வீட்டுக்குப் போகிற பொருளை வீட்டுக்குள் வைத்துச் செய்வது ஆகாது என்றார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் சவப்பெட்டி செய்கிறவர். அவருக்கு ஆட்சேபணை இல்லை. இதை யாரிடம் சொன்னாலும் ஜெசிந்தா சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அவளுக்கு வயது முப்பத்து மூன்று. அவளிடம் தொழில் கற்க வந்த அருளப்பனுக்கு அறுபத்தொன்று. மில்லில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்குப் போன காலத்தைப் போலவே சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, காலை எட்டு மணிக்குச் சரியாக வந்து நிற்பார். அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் மாற்றிக்கொள்ளவில்லை. கற்றுக்கொடுக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார்.

முதல் நாளே அவர் ஒரு நிபந்தனை வைத்தார். அடுத்த வருடம் தன் வீட்டிலேயே தொழில் தொடங்க அவருக்கு ஆசை. ஆனால் அவருடைய மனைவி சூசையம்மாள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். மருமகள் ஏழு மாதம். கல்யாண மாலை கட்டலாம், கிறிஸ்துமஸ் வளையம் கட்டலாம், சாவுப் பூ மட்டும் வாசலைத் தாண்டக் கூடாது. அதனால் டீச்சர் தனக்குப் பாதித் தொழிலைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்றார்.

"பாதி போதுமா?" என்றாள் ஜெசிந்தா.

"போதும் டீச்சர்."

"சரி, உட்காருங்க."

அறையின் ஒரு பக்கத்தில் அவள் மலர் வளையம் கட்டினாள். மறுபக்கத்தில் அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு வாழைநாரில் சரம் கட்டிப் பழகினார். மூங்கில் பிளாச்சை வளைத்து வைக்கோல் சுற்றிய வளையங்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. எடுத்துக் கொடுக்கச் சொன்னால் கொடுப்பார். பூ வைத்தபின் தொடமாட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் கொல்லைக் குழாயில் கைகால் கழுவி, சட்டையை உதறிவிட்டுப் போவார்.

ஒருநாள் அவர் கேட்டார். "டீச்சர், எது சாவுப் பூ, எது கல்யாணப் பூன்னு மார்க்கெட்ல எப்படிப் பார்த்து வாங்குறீங்க?"

ஜெசிந்தா நாரைப் பல்லில் கடித்து இழுத்தபடி அவரைப் பார்த்தாள்.

"ஒருநாள் காட்டுறேன்."

நவம்பர் ஒன்றாம் தேதி காலையிலிருந்தே மழை. மறுநாள் கல்லறைத் திருநாள். ஐம்பத்திரண்டு வளையங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மதியத்துக்குள் முப்பதுக்கு மேல் முடிந்து, கொடியில் வரிசையாகத் தொங்கின. அறையெல்லாம் சம்பங்கி வாசம்.

ஒரு மணி இருக்கும். அதே தெருவில் கோடி வீட்டுச் சவரிமுத்து குடையில்லாமல் ஓடி வந்தார். அன்று நாலு மணிக்கு அவர் மகள் அமலிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை இரண்டு நாளில் மஸ்கட்டுக்குத் திரும்ப வேண்டியவர் என்பதால் அவசரமாக வைத்த தேதி. மாலைகளை வெளியூர்க் கடையொன்றில் சொல்லியிருந்தார்கள். வழியில் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறதாம். வண்டி அந்தப் பக்கமே நிற்கிறது. உள்ளூர்க் கடைகளில் மறுநாளுக்காக எல்லாப் பூவும் விலை பேசிப் போய்விட்டது.

சவரிமுத்துவின் மனைவி ஞானசௌந்தரி இறந்து நான்கு வருடமாகிறது. வருடா வருடம் அவள் கல்லறைக்கு வளையம் ஜெசிந்தாதான் கட்டுவாள். இந்த வருடத்து வளையமும் தயாராகக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் நிச்சயதார்த்த மாலையை அவர் இங்கே சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது அங்கிருந்த மூன்று பேருக்குமே தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெசிந்தா தலை துவட்ட ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"பூ இருக்குண்ணே. ரெண்டு மாலைக்குத் தாராளமா வரும். ஆனா கல்லறைக்குன்னு வாங்கின பூ. மறைச்சு உங்களுக்குக் கொடுக்க மாட்டேன். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

சவரிமுத்து வாசலுக்குப் போய் மகளுக்குப் போன் செய்தார்.

அருளப்பன் எழுந்து அவளருகில் வந்தார். அவருக்குக் குரல் மெதுவாகத்தான் வந்தது. "வேண்டாம் டீச்சர். நாளைக்கு வாழப்போற பொண்ணு கழுத்து. ஏதாவது ஒண்ணுன்னா காலத்துக்கும் ஊரு நம்மளத்தான் சொல்லும்."

ஜெசிந்தா மீதமிருந்த இரண்டு கூடைகளையும் தூக்கினாள். சம்பங்கி, ரோஜா, மரிக்கொழுந்து எல்லாவற்றையும் ஒரே சாக்கின் மேல் கொட்டினாள். கையால் ஒருமுறை துழாவிக் கலந்தும் விட்டாள்.

"நீங்க சொல்றதும் சரிதான் ஐயா. இதுல சாவுப் பூவை மட்டும் பொறுக்கித் தனியாப் போடுங்க. மிச்சத்துல நான் மாலை கட்டுறேன்."

அருளப்பன் பூக்குவியலின் முன் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு ரோஜாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். இன்னொன்றை எடுத்து ஒதுக்கினார்.

"அது ஏன்?"

"அழுகல் டீச்சர்."

இன்னொன்றை ஒதுக்கினார்.

"அது?"

"காம்பு ஒடிஞ்சிருக்கு."

"நான் சாவுப் பூவைக் கேட்டேன்."

அவர் கை குவியலின் மேல் அங்குமிங்கும் போய் வந்தது. மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சவரிமுத்து போனை அணைத்துவிட்டு நிலைப்படியில் நின்று பார்த்தார். அருளப்பன் அவ்வளவு நேரம் தேடியதில் பத்துப் பன்னிரண்டு அழுகல்தான் தனியாகச் சேர்ந்தது. பிறகு அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது அமலி அழகு நிலையத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பாதி அலங்காரத்தில், ஒரு காதில் மட்டும் தோடு இருந்தது. அப்பாவைத் தாண்டி உள்ளே வந்து கொடியைப் பார்த்தாள்.

"இதுல அம்மாவோடது எது அக்கா?"

ஜெசிந்தா காட்டினாள். வெள்ளைச் சம்பங்கி வளையம், ஒரு பக்கத்தில் சிவப்பு ரோஜாக் கொத்து.

அமலி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அந்த ரோஜாவை என் மாலைக்கு எடுத்துக்கங்க."

சவரிமுத்து மகள் தலையில் விழுந்திருந்த மழைத்துளியைத் துண்டால் ஒற்றினார்.

நேரம் இரண்டாகிவிட்டது. இரண்டு மாலைகளையும் ஒருத்தியால் முடிக்க முடியாது. பெண்ணின் மாலையைத் தான் எடுத்துக்கொள்வதாகவும், மாப்பிள்ளை மாலையை அருளப்பன் கட்ட வேண்டும் என்றும் ஜெசிந்தா சொன்னாள். தான் இதுவரை மனிதர் கழுத்துக்கு மாலை கட்டியதில்லை என்றார் அவர். கழுத்து எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றாள் அவள். அமலி சிரித்துவிட்டாள். தன் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் தடித்த கழுத்து, இரண்டு விரற்கடை கூட வைத்தால் நல்லது என்றாள்.

"அதுக்கு முன்னாடி அந்த ரோஜாவைப் பிரிச்சுக் கொடுங்க ஐயா" என்றாள் ஜெசிந்தா.

அருளப்பன் ஞானசௌந்தரியின் வளையத்தைக் கொடியிலிருந்து இறக்கினார். பூ வைத்த வளையத்தை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. நாரை அறுக்காமல் முடிச்சை நகத்தால் நெம்பி ஒவ்வொரு ரோஜாவாக எடுத்தார். ஒன்பது ரோஜாக்கள். ஒரு இதழ்கூட உதிரவில்லை.

வளையத்தில் ஒரு பக்கம் வெறும் வைக்கோல் தெரிந்தது. அங்கே மரிக்கொழுந்து வைத்து நிரப்பிவிடுவதாக ஜெசிந்தா சொன்னாள்.

"வேண்டாங்க்கா, அப்படியே இருக்கட்டும். நாளைக்குப் போய் அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள் அமலி.

மூன்றரை மணிக்கு இரண்டு மாலைகளையும் வாழையிலையில் சுற்றிச் சவரிமுத்து தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போனார். மழையும் கொஞ்சம் விட்டிருந்தது. ஜெசிந்தா அடுத்த வளையத்தை எடுத்தாள். அருளப்பனும் இந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து ஒரு வளையத்தை எடுத்தார். அவள் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாள்.

ஐந்தரை மணிக்கு வாசலில் பட்டுப்புடவை சரசரத்தது. சூசையம்மாள். அவர்களுக்கும் நிச்சயதார்த்த வீட்டில் அழைப்பு உண்டு என்பதையே அருளப்பன் மறந்திருந்தார். மனைவி நேரே அங்கிருந்து வந்திருக்கிறாள். மடியில் பூ வைத்த வளையத்தோடு, எழுந்திருக்கவும் முடியாமல் அப்படியே இருந்தார்.

"மாப்பிள்ளை மாலை நீங்க கட்டினதா?" என்றாள் சூசையம்மாள்.

"ஆமா."

"ஒரு பக்கம் சாஞ்சிருந்துச்சு."

அவர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

அமலி மாலை போட்டுக்கொண்டதும் அந்த ரோஜா எங்கிருந்து வந்ததென்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டாளாம். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து பெண்ணின் மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். அதன்பின் பந்தியில் யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லையாம். மாலையைப் பற்றித்தான் பேச்சு. மாப்பிள்ளை மாலையைக் கட்டியது அருளப்பன் என்று சவரிமுத்து சொன்னபோது, பக்கத்தில் இருந்தவர்கள் சூசையம்மாளைத் திரும்பிப் பார்த்தார்களாம். இதையெல்லாம் அவள் கணவரிடம் சொல்லாமல் ஜெசிந்தாவைப் பார்த்தே சொன்னாள். நிலைப்படிக்கு வெளியேதான் நின்றாள். கோபமா இல்லையா என்று குரலில் தெரியவில்லை.

ஜெசிந்தாவின் கைகள் நிற்கவில்லை. இன்னும் பதினெட்டு வளையங்கள் பாக்கி. நார் காய்ந்துபோயிருந்தது.

"அக்கா, உங்க பக்கத்துல வாளி இருக்கு பாருங்க. அந்த நாரைக் கொஞ்சம் நனைச்சுக் கொடுங்க."

சூசையம்மாள் வாளியைப் பார்த்தாள். நாரைப் பார்த்தாள். கணவர் கட்டிக்கொண்டிருந்த வளையத்தையும் அதிலிருந்த தொளதொள முடிச்சையும் பார்த்தாள். அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாரை நனைத்துப் பிழிந்தாள். பிறகு அவர் மடியிலிருந்ததை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, முடிச்சுகளைப் பிரித்து முதலிலிருந்து கட்டத் தொடங்கினாள். அவள் விரல்கள் அருளப்பனின் விரல்களைப் போல இரண்டு மடங்கு வேகமாகப் போயின. அவருக்கு அது தெரியாததில்லை. நாற்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் தலைக்குத் தானே பூக் கட்டிக்கொள்கிறவள் அவள்.

அடுத்த அறையில், கறுப்பு ரிப்பன்களில் வெள்ளி மையால் எழுதிய, இறந்தவர்களின் பெயர்கள் விசிறிக் காற்றில் காய்ந்துகொண்டிருந்தன.

சுற்று முக்கால்வாசி வந்தபோது சூசையம்மாள் கையை நிறுத்தினாள். வளையத்தைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாருக்கும்மா?"

"தெரியலைக்கா" என்றாள் ஜெசிந்தா. "ரிப்பன் கட்டினாத்தான் தெரியும்."