சுவரில் போட்ட தரை

தேவாலயச் சுவர்களில் பொன்பூசிய கண்ணாடிச் சில்லுகளைச் சாந்தில் பதித்துப் படம் செய்த காலம். கிரேக்கர்களின் கடலோரப் பட்டணம் ஒன்றில் நீலோஸ் என்று ஓர் ஆசான் இருந்தார். அவருடைய சீடர் லூப்போஸ், ஆசானைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இருபது வருஷம் தரையில் சில்லு பதித்து, முழங்கால் இரண்டும் போனபிறகு சுவர் வேலை கற்க வந்தவர். ஆசான் சீடரை "அண்ணே" என்பார். சீடர் ஆசானை "ஐயா" என்பார். பார்ப்பவர்களுக்குத்தான் குழப்பம்.

அன்று மாதாவின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் பதித்தார்கள். லூப்போஸ் எடுத்துக் கொடுக்க, ஆசான் பதித்தார். முடித்ததும் சாப்பிடப் போய்விட்டார். சாரத்தில் லூப்போஸ் மட்டும்.

கீழே வந்து நின்றார் ஆயரின் மணியக்காரர். பாதிப் பேச்சு அவருக்கு மூக்கால்தான் வரும்.

"என்னய்யா இது? ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு பக்கம் பார்க்குது. குடிச்சிட்டுப் பதிச்சீங்களா?"

"ஆசான் பதிச்சதுங்க."

"சாயங்காலப் பூசைக்கு ஆயர் வர்றார். அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் நேர் எதிரே இதுதான். அவர் முகம் சுளிச்சார்னா முதல்ல இறங்கப்போறது நீ. மறுபடி தரைக்கே போ."

லூப்போஸ் முழங்காலைத் தடவிக்கொண்டார். தரை வேலைக்குக் குந்த வேண்டும். குந்த முடியாதவனை எவன் கூப்பிடுவான்?

தரையைத் தட்டிச் சமமாக்கும் மட்டப்பலகை கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. சாந்து இன்னும் ஈரம். இருபது வருஷக் கை, சொன்னால் கேட்குமா? தட்டினார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, நீவினால் விரல் வழுக்கும்வரை தட்டினார்.

தட்டி முடித்தபிறகுதான் ஆசான் ஞாபகம் வந்தது.

ஆசான் வந்தார். சாரத்தில் ஏறினார். விரலால் நீவிப் பார்த்தார்.

"அண்ணே, இதுமேல யாராவது நடக்கப் போறாங்களா?"

"மணியக்காரர் மிரட்டிட்டார், ஐயா. ஆனா ஆயர் நாற்காலியிலிருந்து நல்லா ஜொலிக்கும்."

"பார்த்துடுவோம்."

இறங்கினார்கள். ஆசான் விளக்குகளை ஏற்றினார். நாற்காலிப் பக்கம் நின்றால் நிஜமாகவே கண் கூசியது.

"சொன்னேனே, ஐயா."

"இப்போ வாசல்வரை நடங்க."

நாலாவது அடியிலேயே ஒளிவட்டம் மங்கியது. லூப்போஸ் வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"மாதா தலையைச் சுத்திக் கரியை அப்பின மாதிரி இருக்கு."

ஆசான் மறுபடி மேலே ஏறிச் சாந்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். "இறுகிக்கிட்டு வருது. ஒரு நாழிகை தாங்கும். மறுபடி சாய்ச்சுடலாம், வாங்க."

லூப்போஸ் மூச்சிரைக்க ஏறினார். "எந்தப் பக்கம் சாய்க்கணும்? எவ்வளவு சாய்க்கணும்? அளவைச் சொல்லுங்க, ஐயா."

"வாசல்ல தினம் யார் நிற்பாங்க?"

"மீன்காரி மாக்ரீனா. நாத்தத்துக்குப் பயந்து உள்ளே விடமாட்டாங்க."

"அவளுக்கு ஒண்ணு."

லூப்போஸ் விளக்கொளி வாசலுக்குப் போகும்படி ஒரு சில்லை அழுத்திச் சாய்த்தார்.

"தூணுக்குப் பின்னால?"

"மாமியாருக்குத் தெரியாம அழ வர்ற மருமகள்."

"அவளுக்கு ஒண்ணு. படியோரம்?"

"அந்த எடுபட்ட பயல். பூசை நேரத்துல அங்கி திருடுவான்."

"அவனுக்கும்."

மணி அடித்தது. சாந்து விறைத்துக்கொண்டிருந்தது. ஒரு சில்லு அசைய மறுத்து விரலைக் கிழித்தது. லூப்போஸ் ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நொண்டிப் படகோட்டிக்கு ஒன்று, கைக்குழந்தைக்காரிக்கு ஒன்று என்று முணுமுணுத்தபடி சாய்த்துக்கொண்டே போனார்.

கீழிருந்து மூக்குக் குரல் வந்தது. "ஆயர் தெருமுனைக்கு வந்தாச்சு. இறங்குங்க."

ஒரே ஒரு சில்லுதான் பாக்கி. லூப்போஸின் விரல் அதன்மேல் நின்றுவிட்டது.

"ஐயா, நாற்காலியிலிருந்து பார்த்தா இனி முன்னே மாதிரி ஜொலிக்காதே. அவர் கேட்டா என் கதி என்ன? ஆயருக்கு நாம என்ன செய்யறது?"

ஆசான் சாந்துக் கரண்டியைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"அவரும் ஓர் ஆள்தானே, அண்ணே. அவருக்கும் ஒண்ணு வைங்க."