தாம்பூலம் கிடைக்காத கருரத்தம்

அந்தக் காலத்தில் வாயில்லாதது என்று எதுவுமே கிடையாது. காக்கை பேசியது, கத்தரிச்செடி பேசியது, உடம்புக்குள் ஓடும் ரத்தமும் பேசியது.

அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு ரத்தம். வயிற்றிலும், பிறந்து சோறு ஊட்டும்வரையும் கருரத்தம். அவள் கெட்டிக்காரி, தாயின் மூச்சிலிருந்தே பங்கு பிடுங்கிவந்து பிள்ளைக்குக் கொடுப்பாள். ஆறாம் மாதம் சோறு ஊட்டும் நாளில், தாய் கையால் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு அவள் கிளம்பிவிட வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரே தாம்பூலம். மறுதரம் நீட்டும் வழக்கமில்லை. பிறகு எலும்புக்குள் ஊறும் புது ரத்தத்தின் ராஜ்ஜியம்.

பவளாயி வீட்டில் இந்த ஏற்பாடு சரிப்படவில்லை. அவள் பிள்ளைகளுக்கு ஊறிய புது ரத்தம் கதிர் அரிவாள் மாதிரி வளைந்து, போகிற வழியெல்லாம் மாட்டிக்கொண்டு அடைத்தது. சோறு ஊட்டிய கொஞ்ச நாளில் விரல்கள் வீங்கி, அழுது அழுது வெளுத்து, இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. இப்போது மடியில் மூன்றாவது, சாத்தப்பன்.

ஆறாம் மாதம் வந்தும் அவள் சோறு ஊட்டவில்லை. பிள்ளையின் விரலை அமுக்கிப் பார்த்தாள். வீக்கம் இல்லை. சந்தேகம் தீராமல் மறுபடி அமுக்கினாள்.

"ஏழு மாசம் ஆச்சு. இன்னும் பாலைக் குடுத்தே ஏமாத்து," என்றாள் நாத்தனார் காத்தாயி. "அரிசி இல்லாத வீடான்னு ஊர் என்னையில்ல கேக்குது?"

"அரிசி இருக்கு மதினி. எனக்குத்தான் தைரியம் இல்ல."

காத்தாயிக்குப் பொறுமை ஏது? தாம்பூலத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பவளாயி தடுப்பதற்குள் ஒரு வாய்ச் சோற்றைப் பிள்ளைக்கு ஊட்டியும்விட்டாள். பெரிய உபகாரம்.

பிள்ளையின் உச்சிக்குழி துடித்தது. அதன் வழியாகக் கருரத்தம் பேசினாள்.

"வெத்தலையைக் குடும்மா, கிளம்புறேன்."

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்."

"இருந்தா எலும்புக்காரி சண்டைக்கு வருவா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

பவளாயி வெற்றிலையை எடுத்தாள், பாக்கை எடுத்தாள். நீட்டவில்லை. தன் வாயிலேயே போட்டு மென்றாள், சுண்ணாம்புகூடத் தடவாமல்.

"அடிப்பாவி, வெறுங்கையோட நான் எப்படி வாசல் தாண்டுவேன்?"

"தாண்டாதே."

உச்சிக்குழி துடிப்பு நின்றது. பவளாயி அதன்மேல் காதை வைத்தாள். பிறகு மெல்ல ஒரு குரல்: "சரி, ஒரு மூலையில கிடக்கிறேன். அவ வளைஞ்சு அடைக்க வந்தா, குறுக்கே நின்னுக்கறேன். ஆனா என்கிட்டப் பேச்சுக் குடுக்காதே. நான் இருக்கறது அவளுக்குத் தெரிய வேண்டாம்."

உச்சிக்குழி மூடிக்கொண்டது. அதன்பின் அவள் பேசவேயில்லை. இருக்கிறாளா, போய்விட்டாளா? யாரைக் கேட்பது? சாத்தப்பனுக்கு மீசை முளைத்த பிறகும், ஊரே சிரிக்க, பவளாயி அவன் விரலை அமுக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வீங்கவே இல்லை. அவன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வீங்கவில்லை.

அன்று முதல்தான், எங்கோ சிலருக்கு மட்டும், தலை நரைத்த பின்னும் கருரத்தம் உடம்பைவிட்டுப் போவதில்லை. வராத வெற்றிலைக்காக ஒரு மூலையில் காத்துக்கொண்டிருக்கிறாள்.