ஈயமும் ஈர இறக்கையும்

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது. அவற்றில் மனிதரோடு அதிகம் ஒட்டிப் பழகியது நீர்க்காகம். முங்கி எழுந்த கையோடு கரைக்கு வரும். நனைந்தபடியே வீட்டுக்குள் நுழையும், நனைந்தபடியே அடுப்படியில் உட்காரும், கடலில் என்ன நடக்கிறது என்று கதை சொல்லும். இறக்கையைக் காயவைக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றியதே இல்லை. வீட்டுப் பெண்கள் அதைத் திட்டிக்கொண்டே தரையைத் துடைப்பார்கள். திட்டினாலும் அதற்கு ஒரு மீன் துண்டு எடுத்து வைத்திருப்பார்கள்.

முகத்துவாரத்தை ஒட்டிய ஓர் ஊரில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் தொப்புளான். வலை போடுவது அவன் வேலை, வலையைச் சீர்பண்ணி வைப்பது அவள் வேலை. அவர்கள் வீட்டுக்கு ஒரு நீர்க்காகம் தினமும் வரும். காத்தாயியை அது அக்கா என்று கூப்பிடும்.

அந்த ஊர் வலைகளின் அடிக்கயிற்றில் அதுவரை சுட்ட மண்குண்டுகளைத்தான் கட்டிவந்தார்கள். அந்த வருஷம் புரட்டாசியில் தொப்புளானின் வலை, தண்ணீருக்கடியில் இருந்த சிப்பிப் பாறையில் உரசி, பாதிக் குண்டுகள் உடைந்துபோயின. குண்டு இல்லாத வலை அடியில் நிற்காது, மிதந்து மேலே வரும், மீன் அதன் கீழே புகுந்து போய்விடும். ஐப்பசி அடைமழையில், முகத்துவாரத்துக்கு உள்ளே இருக்கும் உப்பங்கழியில் வளர்ந்த மடவை மீன்கள் கூட்டமாகக் கடலுக்குத் திரும்பும். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த ஐப்பசி வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்தப் பக்கம் ஒரு மரக்கலம் வந்து நின்றது. தொப்புளான் இரண்டு கூடை கருவாட்டைக் கொடுத்து அதிலிருந்து இரண்டு ஈயக்கட்டி வாங்கிவந்தான். அந்த ஊரில் ஈயத்தை உருக்கியவர் யாரும் அதுவரை இல்லை.

"வெளியில, காத்து பின்பக்கமா அடிக்கிற இடத்துல வச்சு உருக்கணுமாம். அந்தப் புகையை உள்ள இழுக்கக்கூடாதாம். உருக்கின சட்டியில சோறு கறி ஆக்கக்கூடாதாம். எல்லாத்தையும்விட, ஈரம் கிட்டவே வரக்கூடாதாம். கப்பக்காரன் மூணு தடவை சொன்னான்" என்றான் தொப்புளான்.

வெளியே அடைமழை பெய்துகொண்டிருந்தது. நாலு நாளாக விடவில்லை.

"ஐப்பசியில ஈரமில்லாத இடம் எங்க இருக்கு, நீங்களே காட்டுங்க. வெளியில அடுப்பு மூட்டுனா விறகு புகையும், எரியாது" என்றாள் காத்தாயி.

"மழை விடட்டும்."

"மழை விடுறதுக்குள்ள மடவை போயிடும். மடவை போன பிறகு குண்டு எதுக்கு?"

தொப்புளான் ஈயக்கட்டிகளை அவளிடம் கொடுத்தான். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மறுநாள் காலையிலேயே காத்தாயி மீன் வறுக்கும் இரும்புச் சட்டியை உள்ளடுப்பில் ஏற்றினாள். மழைச்சாரல் உள்ளே வராமலிருக்கக் கதவுப் படலைச் சாத்தினாள். ஒரு சுட்ட செங்கல்லில் விரல் பருமனுக்குப் பன்னிரண்டு குழி குடைந்து அச்சு தயார் செய்திருந்தாள். குழி ஒவ்வொன்றின் நடுவிலும் கயிறு கோர்க்கும் துளைக்காக ஒரு முள் நிறுத்தியிருந்தாள். ஈயம் மெதுவாக இளகியது. மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டியது. அதைக் கரண்டியால் ஒதுக்கினால் உள்ளே கண்ணாடிபோல் பளபளத்தது. வீடு முழுக்கப் புகை. நாக்கில் ஒரு தித்திப்பு ஒட்டிக்கொண்டது. நண்பகலுக்குள் அவளுக்கு நெற்றிப்பொட்டு வலிக்க ஆரம்பித்தது, குமட்டிக்கொண்டு வந்தது. மழைக் குளிர் என்று நினைத்துக்கொண்டாள்.

நீர்க்காகம் படலுக்கு வெளியே வந்து நின்று குரல் கொடுத்தது.

"அக்கா, மடவை இன்னும் மேற்கேதான் நிக்குது. ஆனா தலை திருப்பிடுச்சு."

"நீ போய்ப் பார்த்துக்கிட்டே இரு தம்பி. கூட்டம் நகர்ந்தா ஒரு நொடிகூட நிக்காதே. நேரா உள்ள வந்து சொல்லு."

"நனைஞ்சிருப்பேனே. நேத்து தரை ஈரமானதுக்கு வெளக்கமாத்தைத் தூக்குனியே."

"இன்னைக்குத் தூக்க மாட்டேன். நனைஞ்சிருந்தாலும் பரவாயில்லை, வா."

நீர்க்காகம் சந்தோஷமாகப் பறந்துபோனது.

பிற்பகலுக்குள் இருபத்துநாலு குண்டுகள் வார்த்து முடிந்தன. இன்னும் ஒரு வார்ப்பு பாக்கி. தொப்புளான் அடுப்புக்கு எதிரே குந்தியிருந்து, ஆறிய குண்டுகளை எடுத்து அடிக்கயிற்றில் கோர்த்துக்கொண்டிருந்தான். அச்சு காலியாக இருந்தது. அப்போது படலைத் தள்ளிக்கொண்டு நீர்க்காகம் உள்ளே வந்தது. உடம்பெல்லாம் தண்ணீர்.

"கெளம்பிடுச்சு அக்கா! கடல் வத்துற தண்ணியோட கூட்டம் கூட்டமா எறங்குது!"

சொன்ன வேகத்தில் அது செங்கல் அச்சின் விளிம்பில் ஏறி நின்றது. சொல்லி முடிப்பதற்குள் இறக்கையிலிருந்து தண்ணீர் வழிந்து குழிகளில் விழுந்தது.

காத்தாயி அதைப் பார்த்தாள். பறவையை ஒரு கையால் தள்ளிவிட்டு, முந்தானையால் அச்சைத் துடைத்தாள். இரண்டு குழிகளின் அடியில் தண்ணீர் நின்றது. அவள் விரல் அதுவரை போகவில்லை. கல்லும் கொஞ்சம் தண்ணீரைக் குடித்திருந்தது. நெருப்பருகே வைத்தால் காய்ந்துவிடும். ஆனால் அதற்கு நேரம் ஆகும்.

"ஈரமா இருக்கா?" என்று கேட்டான் தொப்புளான், கயிற்றிலிருந்து தலையை எடுக்காமல்.

"துடைச்சிட்டேன்" என்றாள்.

அவன் குனிந்து அச்சைப் பார்த்தான். அவள் ஊற்றினாள்.

சட்டியில் இருந்த ஈயம் சட்டியில்தான் இருந்தது. கரண்டியிலிருந்து ஊற்றியது மட்டும், குழிக்குள் போன வேகத்தைவிடப் பெரிய வேகத்தில், படார் என்று திரும்பி வந்தது. அடியில் இருந்த நீர் ஒரே நொடியில் ஆவியாகி, மேலே மூடிய ஈயத்தைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது. கூரை ஓலையில் ஈயத்துளிகள் ஒட்டிக்கொண்டன. காத்தாயியின் மணிக்கட்டில் ஒன்று பட்டது. மற்றவை தொப்புளானின் முகத்தில் பட்டன.

அவன் கத்திய கத்தலில் அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். அவனை வெளியே தூக்கிப்போய் மழையிலேயே கிடத்தி, குடம் குடமாக முகத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். இடது கண் அப்போதே போய்விட்டது. வலது கண்ணைப் பற்றி வைத்தியர் எதுவும் சொல்லாமல், இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்.

ஊர்த்தலைவர் சித்திரவேலு நாட்டார் வந்து காத்தாயியைக் கேட்டார்.

"எப்படி ஆச்சும்மா?"

"காக்கா நனைஞ்சபடி உள்ள வந்துச்சுங்க. அச்சுல தண்ணி சொட்டிருச்சு."

அதில் பொய் இல்லை. நனைந்தபடி வரச் சொன்னது யார் என்பதை அவள் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினாள் என்பதையும் சொல்லவில்லை. நீர்க்காகம் எதிர்வீட்டுக் கூரையில் உட்கார்ந்திருந்தது. அவள் சொன்னது அதற்குக் கேட்டது. அது அவளைப் பார்த்தது. வாய் திறக்கவில்லை.

யாரோ ஒருவர் குனிந்து கல் எடுத்தார். பிறகு எல்லோரும் எடுத்தார்கள்.

அன்றைக்கு முகத்துவாரத்தில் யாரும் வலை போடவில்லை. மடவை கடலுக்குப் போய்விட்டது.

ஒரு நீர்க்காகம் செய்ததாகச் சொல்லப்பட்டதற்கு எல்லா நீர்க்காகங்களும் அடி வாங்கின. படகில் உட்கார்ந்தால் துடுப்பால் அடித்தார்கள். உப்பங்கழியில் நட்ட கம்புகளில் உட்கார்ந்தால் கவணில் கல் வைத்து எறிந்தார்கள். மரங்களிலிருந்த கூடுகளைக் கலைத்தார்கள். மற்ற நீர்ப்பறவைகளின் இறகில் தண்ணீர் ஒட்டாது, உருண்டு விழுந்துவிடும். நீர்க்காகத்தின் இறகு அப்படியில்லை, ஊறிவிடும். ஊறிய இறகோடு நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்தால் குளிர் எடுக்கும், உடம்பு கனக்கும், கடைசியில் மூழ்கிச் செத்துப்போகும்.

எட்டாம் நாள் காலையில் காத்தாயி உப்பங்கழிக் கரைக்குப் போனபோது நாலு நீர்க்காகங்கள் செத்து ஒதுங்கியிருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுக்கு வரும் பறவை அவற்றில் இல்லை. அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆறுதல் பட்டதை நினைத்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது தொப்புளான் கட்டிய கண்களோடு சுவரில் சாய்ந்திருந்தான்.

"காக்கா வர்றதே இல்லையே, ஏன்?" என்று கேட்டான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

காத்தாயி அவன் முன்னால் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். வரச் சொன்னதைச் சொன்னாள். குழியில் தண்ணீர் நின்றதைச் சொன்னாள். நாட்டாரிடம் பாதியோடு நிறுத்தியதைச் சொன்னாள்.

தொப்புளான் முகத்தை அவள் பக்கம் திருப்பினான்.

"ஈரமா இருக்கான்னு உன்னைக் கேட்டேனே" என்றான்.

"கேட்டீங்க."

"இதை எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? கல்லு எங்கிட்டயா இருக்கு? ஊர்ல போய்ச் சொல்லு" என்றான்.

வலை உலர்த்தும் மணலில் அன்றைக்கே ஊர் கூடியது. காத்தாயி நடுவில் நின்று அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. "அடிப்பாவி, எங்க கையால கொல்ல வச்சிட்டியே" என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் நிறையப் பேர் கையில் அன்று காலைவரை கவண் இருந்தது.

நாட்டார் எழுந்தார்.

"ஈயம் இனிமே இந்த ஊருக்கு வேண்டாம்னு சொன்னா யாரும் கேக்க மாட்டீங்க. கேட்டாலும் வலை கேக்காது. அதனால உருக்குறவங்க உருக்குங்க. ஆனா கூரைக்கு அடியில ஆகாது. மழை இல்லாத நாள்ல, வெட்ட மணல்ல, முதுகுல காத்து வாங்கிக்கிட்டு உருக்குங்க. ஈயச் சட்டி ஈயத்துக்கு மட்டும்தான். அச்சை நெருப்புல வாட்டி, தொட்டுப் பார்த்துட்டு ஊத்துங்க. சந்தேகம் இருந்தா அன்னைக்கு ஊத்தாதீங்க. முடிஞ்சதும் கையைத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் பிள்ளையைத் தொடணும், சோத்துல கை வைக்கணும்."

பிறகு காத்தாயியைப் பார்த்து, "அந்தக் காக்காவை நீயே போய்க் கூப்பிடும்மா" என்றார்.

அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தாள். உப்பங்கழியின் நடுவே, கல் எட்டாத தூரத்தில், தனியாக ஒரு கம்பு நின்றது. அதன்மேல் நீர்க்காகம் உட்கார்ந்திருந்தது. மெலிந்துபோயிருந்தது. அப்போதுதான் முங்கி எழுந்திருந்ததால் வாலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஊருக்குச் சொல்லிட்டேன்" என்றாள் காத்தாயி.

"காத்துல கேட்டுச்சு அக்கா."

"நீ ஏன் அன்னைக்கே சொல்லலை? நான்தானே உன்னை வரச் சொன்னேன்?"

நீர்க்காகம் யோசித்தது. "நீ வரத்தான் சொன்ன. அச்சுமேல ஏறி நிக்கச் சொல்லலையே. அந்தத் தண்ணி என்னோடதுதானே" என்றது.

"வீட்டுக்கு வா. இனிமே உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"வர்றேன். காஞ்சுட்டு வர்றேன்."

அது இரண்டு இறக்கைகளையும் முழுசாக விரித்தது. அப்படி அது செய்து அவள் பார்த்ததே இல்லை. அன்றைக்கு மழை விட்டு வெயில் வந்திருந்தது. காத்தாயி தண்ணீரிலேயே நின்று காத்திருந்தாள். வெயில் ஏற ஏற இறகின் கருப்பு மங்கி, பிறகு மினுங்கியது. ஒரு சொட்டுகூட விழவில்லை.

"காஞ்சிடுச்சே தம்பி" என்றாள்.

நீர்க்காகம் தலையைத் திருப்பி, ஒரு இறக்கையின் அடிப்பக்கத்தை அலகால் கோதிப் பார்த்தது. பிறகு மற்றொன்றையும் பார்த்தது.

"உள்பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு அக்கா" என்றது.

அவள் வெயில் சாயும்வரை நின்றாள். அதற்குள் அதன் உறவுக்கூட்டம் முழுவதும் பயம் தெளிந்து, கம்புகளுக்கும் மரங்களுக்கும் திரும்பி வந்து, ஒவ்வொன்றாக இறக்கையை விரித்தது. எந்த நீர்க்காகமும் வீடு பக்கம் வரவில்லை. காத்தாயி தனியாகக் கரையேறினாள். தொப்புளானுக்கு வலது கண்ணில் பார்வை திரும்பிய பிறகு, இருவரும் தினமும் அந்தக் கம்பைத் தாண்டித்தான் படகில் போனார்கள். போகும்போதெல்லாம் அவள் கூப்பிடுவாள். அதுவும் ஒவ்வொரு தடவையும் இறக்கையைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றே சொல்லும்.

அன்று முதல்தான் நீர்க்காகம் எத்தனை தடவை முங்கினாலும் அத்தனை தடவையும் கரையோரக் கம்பில் ஏறி, இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிற ஆள்போல், இறக்கை விரித்து நின்றுகொண்டே இருக்கிறது.