கிரகணத்துக்குத் தேதி மாற்றிய குமாஸ்தாக்கள்

மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கழற்றி வைக்கவும் ஒன்றுமில்லாத மூன்று பேர் கதை இது.

விக்டோரியா ராணி காலம். மலைமேல் பிளெச்சர் துரையின் நட்சத்திர பங்களா. வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவது துரை வேலை. அவருக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிப்பது தலைமைக் குமாஸ்தா ஆவுடையப்பன், சேஷகிரி, மாசிலாமணி ஆகியோர் வேலை. துரை ஊருக்குப் புறப்படும்போது, "எல்லாக் கடிதத்துக்கும் அன்றே பதில் போடுங்கள். யார் மனமும் நோகக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவம், தெரியாமல் சொல்லிவிட்டார்.

காணாமல்போன எருமை தொலைநோக்கியில் தெரிகிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். "தெரிகிறது, நலமாக மேய்கிறது" என்று பதில் போனது. செத்துப்போன மாமனார் சொர்க்கம் சேர்ந்தாரா என்று கேட்டவருக்கு, "சேர்ந்தார், சற்று இளைத்திருக்கிறார்" என்று எழுதினார்கள்.

அப்புறம் கீழ்முடுக்கூர் மிராசுதார் தாண்டவராயரின் கடிதம் வந்தது. தேரின் முதல் வடம் பிடிக்கும் உரிமைக்காகப் பங்காளியோடு இருபது வருஷம் கோர்ட்டில் மல்லுக்கட்டி இந்த வருஷம்தான் ஜெயித்திருந்தார். தீர்ப்புப்படி அடுத்த வருஷம் பங்காளி முறை. சித்ரா பௌர்ணமி சாயங்காலம் தேர். அதே நேரத்தில் சந்திர கிரகணம் என்று துரை அறிவித்திருந்தார். கிரகணமென்றால் கோயில் நடை சாத்திவிடுவார்கள். 'தயவுசெய்து கிரகணத்தை அடுத்த வியாழனுக்குத் தள்ளிவைக்கவும்' என்று மிராசுதார் எழுதியிருந்தார்.

"முடியாதுன்னா மனசு நோகுமே" என்றார் மாசிலாமணி.

"தள்ளிவைக்க நமக்கு அதிகாரம் உண்டா?" என்றார் சேஷகிரி.

"என்னய்யா கேள்வி? தேதி போட்டது யாரு? நம்ம ஆபீஸ். போட்டதை அடிக்க நமக்கில்லாத அதிகாரமா?" என்றார் ஆவுடையப்பன்.

துரையின் நோட்டில் சிவப்பு மையால் அடித்து, வியாழன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். 'தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது' என்று முத்திரை குத்திய பதில் கீழ்முடுக்கூர் போய்ச் சேர்ந்தது. அந்த ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்களா? முத்திரையைப் பார்த்ததும் நடையைத் திறந்தே வைத்தார்கள்.

தாண்டவராயர் பரிவட்டம் கட்டி வடத்தைப் பிடித்தார். தேர் நாலடி நகர்வதற்குள், பாதி கறுத்துப்போன சந்திரன் பனைமரத்துக்கு மேலே வந்தது. குருக்கள் ஓடிப்போய் நடையைச் சாத்தினார். ஊரே வடத்தைப் போட்டுவிட்டு ஓடியது. மிராசுதார் மட்டும் நடுத்தெருவில் நின்று வானத்தைப் பார்த்துக் கண்டபடி திட்டினார்.

மறுநாள் காலையில் மலையேறி வந்துவிட்டார். "இருபது வருஷம்டா! என் மானமே போச்சுடா!" என்று கத்தினார்.

"எங்க மேல தப்பே இல்லைங்க. உங்களுக்கு எழுதின அன்னிக்கே சந்திரனுக்கும் ஒரு நகல் தபால்ல போட்டுட்டோம்" என்றார் ஆவுடையப்பன்.

மிராசுதார் மீசையைத் தடவி யோசித்தார். "தபால்தலை ஒட்டினீங்களா?"

"சர்க்கார் கடுதாசிதானேன்னு ஒட்டலைங்க."

"அட மடப்பயல்களா! தலை ஒட்டாத கடுதாசியை எவன்டா வாங்குவான்? அநியாயமா ஒரு நல்ல மனுஷனைத் திட்ட வெச்சிட்டீங்களேடா!"

அங்கேயே உட்கார்ந்து, சந்திரனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். தூரம் அதிகமென்று இரண்டு தலை ஒட்டினார்.