வடிவுக்காகச் சூடாக்கிய வீடு

ஸ்காட்லாந்தில் ரொட்டிக் கம்பெனியில் வேலை பார்த்த ஆவுடையப்பனுக்கு ஒரே கவலைதான். ஊரில் அவன் தாலி கட்டி விட்டுவிட்டு வந்த மனைவி வடிவு மறுநாள் விமானத்தில் வந்து இறங்குகிறாள். அவளுக்கென்று ஒதுக்கிய அறையோ ஐஸ்பெட்டியாகக் கிடக்கிறது. சுடுதண்ணீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் மற்ற அறைகளில் கொதித்தது. அங்கே மட்டும் அசையவே இல்லை.

உடன் இருந்த சங்கிலிமுத்துவையும் கொம்பையாவையும் கலந்து பேசி, குழாய் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக் குணநாயகத்துக்குப் போன் போட்டான்.

"உள்ளுக்குக் காத்து நிக்குது தம்பி. காத்தை வெளியில விடுங்கோ."

மூவரும் ஜன்னலையெல்லாம் திறந்து, துண்டை வீசிக் காற்றை விரட்டினார்கள். பனிதான் உள்ளே வந்தது.

"இதுல பழைய காத்து எது, புதுக் காத்து எதுலே?" என்றான் கொம்பையா.

"தும்மல் வந்தா புதுசு" என்றான் சங்கிலிமுத்து.

மறுபடி போன்.

"அப்ப வால்வுதான் இறுகிப் போச்சு. மெல்லமாத் தட்டிக் குடுங்கோ."

ஆவுடையப்பன் ரேடியேட்டரின் முதுகில் பாசமாகத் தட்டிக்கொடுத்தான். "ஒன்னால முடியும் ராசா. அடுக்களையில இருக்கிறவன் கொதிக்கலையா? நீ அவனுக்கு எளப்பமா?"

"அடுத்தவனோட ஒப்பிட்டா மனசு விட்டுப் போயிரும்லா?" என்றான் கொம்பையா.

நியாயமாகத்தான் பட்டது. ஆவுடையப்பன் ரேடியேட்டரிடம் மன்னிப்புக் கேட்டான்.

மூன்றாவது போனில், "மற்ற அறையளில இருக்கிறதை எல்லாம் மூடுங்கோ. சூடு இதுக்கு வரும்" என்றார் குணநாயகம்.

வீட்டிலிருந்த கம்பளியெல்லாம் ரேடியேட்டர்கள் மேல் ஏறின. அடியில் குழாய் கொஞ்சம் தெரிந்தது. சங்கிலிமுத்து தன் காலுறையைக் கழற்றி அதற்கு மாட்டிவிட்டான். போர்த்த ஒன்றும் இல்லாமல் மூவரும் நடுங்கினார்கள்.

கடைசியில் குணநாயகமே வந்தார். வால்வின் மூடியைக் கழற்றி, ஸ்பேனரால் ஒரு தட்டு. 'டக்'கென்று அறை சூடு பிடித்தது. ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனி வெக்கை வெளியில போகாமப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

மூவரும் வாசல் கதவைப் பூட்டி, இடுக்கெல்லாம் துணியை அடைத்தார்கள். காலையில் விமான நிலையத்துக்குப் போக வேண்டும்.

"கதவைத் திறக்கணுமே!" என்றான் சங்கிலிமுத்து. "போக ஒருக்க, வர ஒருக்க. எவ்வளவு சூடு போகும்!"

ஆவுடையப்பன் போகவில்லை. காத்திருந்து பார்த்த வடிவு, தானே டாக்சி பிடித்து வந்து, பனியில் பெட்டியோடு நின்று கதவைத் தட்டினாள்.

கதவில் தபால் போடும் சந்தில் ஆவுடையப்பன் வாயை வைத்தான். "வடிவு, பயணம் சௌகரியமா? உள்ள கதகதன்னு இருக்கு. எல்லாம் ஒனக்காகத்தான்!"

"கதவைத் திறங்க, வெறைக்குது!"

"திறந்தா சூடு போயிருமே. இந்தச் சந்து வழியா கையை மட்டும் உள்ள நீட்டு. மொதல்ல அது சூடாகட்டும். மத்ததை ஒவ்வொண்ணாப் பாத்துக்கலாம்."